எழுதிக் கேட்டால்தான் கணக்கு: அமெரிக்க அரசுப் பள்ளியில் ஸ்பெஷல் எஜுகேஷன்

குழந்தைக்குப் பேச்சு தாமதமாகிறது, வகுப்பில் ஒட்டாமல் தனியே நிற்கிறது என்று தெரிந்ததும் அமெரிக்காவில் நம்மவர்கள் முதலில் செய்வது, பள்ளி விடும் நேரத்தில் வகுப்பு ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிப் பேசுவதுதான். ஆசிரியரும் அன்பாகவே சொல்வார்: "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்." ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசி நமக்குப் பழக்கமில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். தேங்க்ஸ்கிவிங் போகிறது, கிறிஸ்துமஸ் போகிறது, வசந்த விடுமுறையும் வந்துவிடுகிறது. பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். பேசியது எந்தத் தாளிலும் ஏறவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை.

இங்கே ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு, அதாவது குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் தனிக் கல்விக்கும் தெரபிக்கும், அடிப்படை 'ஐடியா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசுச் சட்டம். 1975-இல் வேறு பெயரில் வந்தது, 1990-இல் இந்தப் பெயர் பெற்றது, 2004-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மூன்று வயதிலிருந்து 21 வயது வரை, தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருத்தமான கல்வியைச் செலவில்லாமல் கொடுப்பது, அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி டிஸ்ட்ரிக்டின் கடமை. 2022–23 கல்வியாண்டில் சுமார் 75 லட்சம் பிள்ளைகள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர், இந்தச் சேவையில் இருந்தார்கள். விசாவை நினைத்து அஞ்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆவணமே இல்லாத குழந்தைக்கும் பள்ளிக் கதவை அடைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்காகக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதே இல்லை.

இந்தச் சட்டத்தில் எல்லாமே கெடு தேதிகளை வைத்து நகர்கிறது. கெடு தொடங்க ஒரு கடிதம் வேண்டும்.

முதல் கடிதம்

ஈமெயில் போதும். பள்ளி முதல்வர், டிஸ்ட்ரிக்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் அலுவலகம் இரண்டுக்கும் ஒரே ஈமெயிலில் அனுப்புங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, வீட்டில் பேசும் மொழி. அடுத்து, 'என் பிள்ளைக்கு ஸ்பெஷல் எஜுகேஷன் தகுதி உண்டா என்று அறிய முழு மதிப்பீடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்ற ஒரு வாக்கியம் கட்டாயம். அதன் கீழே நீங்கள் கவலைப்படும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்: பேச்சு, படிப்பு, எழுதும்போது கை வலிப்பது, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வது, நண்பர்கள் இல்லாதது. சந்தேகம் உள்ள எல்லாத் துறைகளிலும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சந்தேகத்தை நீங்கள் எழுதாவிட்டால் பேச்சை மட்டும் சோதித்துவிட்டுக் கோப்பை மூடிவிட வாய்ப்பு உண்டு. டாக்டர் கொடுத்த அறிக்கை இருந்தால் இணையுங்கள். இல்லையென்றாலும் கேட்கலாம்.

கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் கடிதம் போன 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடித்து, முடிவுகளைப் பேசும் மீட்டிங்கும் நடத்த வேண்டும். டெக்சஸில் பதில் சொல்ல 15 பள்ளி நாள், சம்மதத்துக்குப் பின் மதிப்பீட்டுக்கு 45 பள்ளி நாள். நியூ ஜெர்சியில் 20 நாளுக்குள் ஒரு கூட்டம், சம்மதத்திலிருந்து சேவை தொடங்குவது வரை 90 நாள். மாநிலம் தனியாகக் கெடு வைக்காத இடத்தில், சம்மதம் கொடுத்ததிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஐந்து பள்ளி நாளுக்கு மேற்பட்ட விடுமுறைகள் இந்தக் கணக்கில் சேராது. மே மாதம் கேட்டால் கோடை முழுவதும் கடிகாரம் நின்றுவிடும். செப்டம்பரில் தோன்றிய சந்தேகத்தை அந்தச் செப்டம்பரிலேயே எழுதிவிடுவது நல்லது.

இங்கே அடிக்கடி எழும் தடை ஒன்று: "முதலில் வகுப்பிலேயே சில உத்திகளை முயன்று பார்ப்போம், ஆறு வாரம் கழித்து முடிவு செய்யலாம்." முயற்சி நல்லதுதான், நடக்கட்டும். அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011-இலேயே மாநிலங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து நடத்துங்கள் என்று பதில் எழுதுங்கள். மதிப்பீடு செய்ய மாட்டோம் என்று பள்ளி முடிவெடுத்தால், அந்த மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளுக்கு 'ப்ரையர் ரிட்டன் நோட்டீஸ்' என்று பெயர். ஸ்பெஷல் எஜுகேஷனில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வோம். எந்த 'முடியாது'க்கும் இந்த நோட்டீஸைக் கேட்கலாம். வாயால் எளிதாக வந்த மறுப்பு, காரணத்தோடு எழுதச் சொன்னால் பல நேரம் மாறிவிடும்.

இன்னொன்று, "மார்க் நன்றாக வருகிறதே, இவனுக்கு எதற்கு?" என்பது. கணக்கில் ஏ வாங்கும் பிள்ளைக்கும் தகுதி இருக்கலாம். வகுப்பு வகுப்பாகத் தேறி வருவதை வைத்து மட்டும் மறுக்க முடியாது. நம் வீடுகளில் தினமும் மூன்று மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்து வரும் மார்க் அது என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். பள்ளிக்கு அது தெரியாது.

மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிண்டர்கார்ட்டன் சேரும்வரை அரசுப் பள்ளிக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நினைத்துப் பலர் இரண்டு வருடத்தைத் தொலைக்கிறார்கள். தனியார் டேகேரில் இருந்தாலும், பாட்டியோடு வீட்டில் இருந்தாலும், மூன்றாவது பிறந்தநாளிலிருந்து குழந்தையைச் சோதிப்பது டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு. அதற்கு முன்னால் மாநிலத்தின் எர்லி இன்டர்வென்ஷன் (மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான சேவை) பெற்றுவந்த குழந்தைக்கு, தகுதி உண்டென்றால், மூன்றாவது பிறந்தநாளன்று பள்ளியின் திட்டம் தயாராக இருக்க வேண்டும். மாறும் ஏற்பாட்டைப் பேசும் கூட்டம் அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே நடக்க வேண்டும்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ புதிதாக வருபவர்கள், அங்கே வாங்கிய தெரபி அறிக்கைகளைக் கொண்டுவாருங்கள். அவற்றைப் பள்ளி பரிசீலிக்கும், ஆனால் அவற்றை வைத்தே சேவை தராது. இங்கே புதிதாக மதிப்பீடு நடக்கும். பள்ளியில் சேர்க்கும் அன்றைக்கே அந்த முதல் கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பீட்டில் தமிழ் வீடு சறுக்கும் இடங்கள்

வைன்லேண்ட் போன்ற கேள்வித்தாள்களில் பிள்ளை தானாக என்ன செய்கிறது என்று பெற்றோரிடம் கேட்பார்கள். தானே சாப்பிடுகிறானா, சட்டை போட்டுக்கொள்கிறானா, பல் தேய்க்கிறானா. ஆறு வயது வரை பாட்டி ஊட்டிவிடும் வீட்டில் 'இல்லை' என்று எழுதினால், முடியாததும் பழக்காததும் ஒரே எண்ணாகப் பதிவாகிவிடும். பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்: "செய்யவிட்டுப் பார்த்ததில்லை." இதற்கு நேர்மாறான சறுக்கல் இன்னும் மோசமானது. வெளியாரிடம் குறை சொல்லக்கூடாது என்று, அரைகுறையாக வருவதையெல்லாம் 'வரும்' என்று டிக் அடிப்பது. பத்துத் தடவையில் இரண்டு தடவை, அதுவும் மூன்று முறை நினைவூட்டியபின் வந்தால் அது 'சில நேரம்'கூட அல்ல. நாம் காக்கும் மானத்துக்கு விலை, பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய தெரபி.

அடுத்தது மொழி. குழந்தைக்குப் பழக்கமான மொழியில் சோதிக்க வேண்டும் என்றும், ஆங்கிலம் போதாததை மட்டும் காரணமாக வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைப்பது அபூர்வம். அப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தை பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆங்கிலத் தேர்வின் எண்ணை எச்சரிக்கையோடு பயன்படுத்தினோம் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை தமிழில் பேசும் மிக நீளமான வாக்கியங்கள் பத்தை எழுதி எடுத்துப் போனால் தெரபிஸ்டுக்குப் பெரிய உதவி. தமிழிலும் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் பிரச்சினை ஆங்கிலம் அல்ல என்பது தெரிந்துவிடும்.

இதையொட்டி ஒன்று. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ உள்ள குழந்தையை மேலும் பின்தள்ளுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டியோடு பேச அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழியை நாமே அடைத்துவிடக் கூடாது.

அறிக்கையின் நகலை மீட்டிங்குக்குச் சில நாள் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். மேசையில் உட்கார்ந்தபின் முப்பது பக்கத்தைப் படித்து யாராலும் யோசிக்க முடியாது. எண்களைப் படிக்கும்போது இரண்டை நினைவில் வையுங்கள். பல தேர்வுகளில் சராசரி 100. 85 முதல் 115 வரை சராசரி வட்டம். பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு எடுத்த மார்க் அல்ல. 16-ஆவது பெர்சன்டைல் என்றால் அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய 84 பேர் முன்னால் நிற்கிறார்கள் என்று பொருள். மொத்த எண் 98 என்று நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு பிரிவில் 125, இன்னொன்றில் 74 என்று இருக்கலாம். அந்த 74-தான் பிள்ளை தினமும் வகுப்பில் படும் பாடு.

மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி நிபுணரிடம் தனி மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு. எழுத்தில் கேட்டால், ஒன்று, டிஸ்ட்ரிக்ட் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் தன் மதிப்பீடு சரிதான் என்று நிரூபிக்கத் தானே வழக்கு விசாரணைக்குப் போக வேண்டும். சும்மா 'முடியாது' என்று விட்டுவிட முடியாது.

மேசையில்

தகுதி உறுதியானால் 30 நாளுக்குள் ஐஇபி, அதாவது பிள்ளைக்கென்று தனியாக அமைக்கும் கல்வித் திட்டம், எழுதும் மீட்டிங் நடக்கும். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை ஐஇபியைப் புதுப்பிப்பார்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறு மதிப்பீடு. மேசையில் பொது வகுப்பு ஆசிரியர், ஸ்பெஷல் எஜுகேஷன் ஆசிரியர், டிஸ்ட்ரிக்ட் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், சோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்தவர் இருப்பார்கள். பெற்றோரும் அந்தக் குழுவின் முழு உறுப்பினர். விருந்தாளி அல்ல.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஐடி வேலையில் இருக்கும் அப்பா ஆங்கிலத்தில் பேசுவார். பிள்ளையின் ஒவ்வொரு அசைவும் தெரிந்த அம்மா பக்கத்தில் அமைதியாக இருப்பார். இதனால் மேசைக்கு வரவேண்டிய செய்தியில் பாதி வராமலே போகிறது. அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளரை ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஏற்பாடு செய்வது டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு, தொலைபேசி வழியாகவும் செய்வார்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தம்பியைப் பற்றி அக்கா கேட்கக்கூடாத பேச்செல்லாம் அங்கே வரும். பிள்ளையை அறிந்த ஒரு நண்பரையோ தெரபிஸ்டையோ கூட்டிப்போகவும் உரிமை உண்டு.

ஐஇபியில் முதலில் இப்போதைய நிலை, அதிலிருந்து இலக்கு, அதற்குச் சேவை, கடைசியில் எந்த வகுப்பு. வரிசை முக்கியம். "எங்களிடம் இந்த வகுப்புதான் இருக்கிறது" என்று கடைசியிலிருந்து தொடங்கினால் நிறுத்தி, இலக்குக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

இலக்கில்தான் ஒரு வருடம் வீணாவதும் வீணாகாமல் போவதும் முடிவாகிறது. 'மாணவன் சமூகத் திறனை மேம்படுத்துவான், 80 சதவீதத் துல்லியம்' என்ற மாதிரி இலக்குகள் நிறைய வரும். எதில் 80 சதவீதம்? இன்று எத்தனை? யார் எண்ணுவது? நல்ல இலக்கு இப்படி இருக்கும்: "ஆசிரியர் முழு வகுப்புக்கும் சொல்லும் இரண்டு படி வேலையை, தனியே நினைவூட்டாமல், இன்று 10-க்கு 2 முறை செய்கிறான், அடுத்த மார்ச்சுக்குள் 10-க்கு 8 முறை, தொடர்ந்து நான்கு வாரம் செய்வான், வகுப்பு ஆசிரியர் வாரம் ஒருமுறை குறித்து வைப்பார்." இன்றைய எண் இல்லாத இலக்கை ஏற்காதீர்கள். தொடக்கம் தெரியாமல் முன்னேற்றத்தை அளக்க முடியாது. போன வருட ஐஇபியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இலக்கு, அதே எண் மீண்டும் வந்திருந்தால், சேவை போதவில்லையா, முறை சரியில்லையா என்று கேளுங்கள். உச்ச நீதிமன்றம் 2017-இல் எண்ட்ரூ வழக்கில், பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் தரும் வகையில் ஐஇபி அமைய வேண்டும் என்றது. அதற்காக 'பெஸ்ட்' என்ற சொல்லை மேசையில் சொல்லாதீர்கள். சட்டம் தருவது சிறந்ததை அல்ல, பொருத்தமானதை. 'இந்த இலக்கை எட்ட இவனுக்கு என்ன தேவை' என்று கேளுங்கள்.

ஐஇபியின் சேவைப் பகுதியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, எங்கே. 'ஸ்பீச், வாரம் 2 முறை, தலா 30 நிமிடம், ஒன்று தனியாக, ஒன்று மூன்று பேர் குழுவில்' என்றால் சரி. 'மாதம் 240 நிமிடம்' என்றால் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் அடைக்கலாம். 'தேவைப்படும்போது', 'அதிகபட்சம் 30 நிமிடம்வரை' என்பதெல்லாம் பூஜ்யம் நிமிடமாகவும் ஆகலாம். 'கன்சல்ட்' என்றிருந்தால் தெரபிஸ்ட் ஆசிரியரிடம் பேசுகிறார் என்றே பொருள், பிள்ளையிடம் அல்ல.

வருகைத் தாளில் போடும் கையெழுத்தும் சம்மதக் கையெழுத்தும் வேறு. வருகைக்கு அங்கேயே போடுங்கள். சம்மதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுப் போடுங்கள். முதல் ஐஇபிக்கு உங்கள் சம்மதம் இல்லாமல் சேவை தொடங்காது. பின்னால் வரும் மாற்றங்களுக்குக் கையெழுத்து வேண்டுமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் வேண்டும், ஒத்துக்கொள்ளும் பகுதிக்கு மட்டும் சம்மதம் கொடுத்து மீதியை நிறுத்திவைக்கலாம். நியூ ஜெர்சியில் நோட்டீஸ் வந்து 15 நாளில் நீங்கள் ஆட்சேபிக்காவிட்டால் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். கையெழுத்துப் போடாமல் இருப்பதே எதிர்ப்பு என்று நினைத்து அங்கே ஏமாந்தவர்கள் உண்டு. உரிய காலத்துக்குள் வழக்கு விசாரணை கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய ஐஇபியே தொடரும்.

மீட்டிங் முடிந்த அன்று இரவே ஓர் ஈமெயில் அனுப்புங்கள்: இன்று இன்னது பேசினோம், இன்னது ஒத்துக்கொண்டோம், இன்னது மறுக்கப்பட்டது, தவறிருந்தால் திருத்துங்கள். ஐந்து வரி போதும்.

ஐஇபி வந்தபின்

எழுதிய நிமிடங்கள் நடக்கின்றனவா என்பது வேறு கதை. தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போவார், ஆள் கிடைக்காது, ஆறு வாரம் ஸ்பீச் இல்லாமல் ஓடும். பேசாத பிள்ளை வந்து சொல்லாது. மாதம் ஒருமுறை சேவைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். தவறிய நிமிடங்களுக்கு ஈடு கேளுங்கள். ஆள் இல்லை என்பது கடமையைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. பதில் வராவிட்டால் மாநிலக் கல்வித் துறையில் புகார் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும், 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நிமிடம் தவறியது போன்ற எண்ணிக் காட்டக்கூடிய குறைக்கு இதுவே சரியான வழி. விசாரணை மன்றம் வரை போவது செலவும் மனச்சுமையும் அதிகம். பல மாநிலங்களில் நிரூபிக்கும் பொறுப்பும் கேட்பவர் மேலேயே விழும்.

"இன்றைக்கு அழுகை அதிகம், வந்து கூட்டிப்போங்கள்" என்று வாரம் இரண்டு தொலைபேசி வந்தால் ஒவ்வொரு தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். நடத்தைக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது, எழுதாவிட்டாலும் வெளியேற்றமாகக் கருதப்படலாம். வெளியேற்றம் 10 பள்ளி நாளைத் தாண்டி, அது பிள்ளையின் வகுப்பையோ பள்ளியையோ மாற்றியதற்குச் சமம் என்றானால், நடத்தை குறைபாட்டினால் வந்ததா என்று குழு கூடிப் பார்க்க வேண்டும்.

வேலை மாறி ஊர் மாறுவது நமக்கு வழக்கம். கடைசி ஐஇபி, மதிப்பீட்டு அறிக்கைகள், முன்னேற்ற அறிக்கைகளை நகலெடுத்துக் கையிலேயே கொண்டுபோங்கள். பழைய பள்ளி அனுப்பும் என்று காத்திருந்தால் வாரக்கணக்கில் போகும். புதிய மாநிலம் தன் மதிப்பீட்டை முடிக்கும்வரை பழைய ஐஇபிக்கு ஒப்பான சேவையைத் தர வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் 'ஸ்பெஷல் எஜுகேஷன் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என நினைப்பவர்கள், அந்தத் தொடர்ச்சியைத் தாங்களே அறுத்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைக்கு 16 ஆகும்போது, சில மாநிலங்களில் 14-இலேயே, படிப்புக்குப் பின் வேலை, தனி வாழ்க்கை பற்றிய இலக்குகள் ஐஇபியில் வர வேண்டும். பேருந்தில் போவது, சமையல், பணம் எண்ணுவது எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதில் கையெழுத்து உரிமை பிள்ளைக்குப் போய்விடும். 17-ஆவது பிறந்தநாளுக்குள் பள்ளி இதைத் தெரிவிக்க வேண்டும். தானே முடிவெடுக்க இயலாத பிள்ளை என்றால் கார்டியன்ஷிப் (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்டப் பொறுப்பு) வேண்டுமா, அதைவிடக் குறைந்த ஏற்பாடு போதுமா என்று அந்த ஒரு வருடத்துக்குள் விசாரியுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பிள்ளைக்குத் தருவது வழக்கமான ஹைஸ்கூல் டிப்ளமோவா, வேறு சான்றிதழா? வழக்கமான டிப்ளமோவைப் பெற்றுக்கொண்ட அன்றே ஐடியா உரிமை முடிந்துவிடும். வேலைப் பயிற்சி இன்னும் தேவைப்படும் பிள்ளைக்கு 21 வரை அது கிடைத்திருக்கும். டிப்ளமோவைத் தள்ளிவைப்பது பற்றிப் பதினோராம் வகுப்பு ஐஇபி மீட்டிங்கிலேயே பேசி, முடிவை அந்த ஐஇபியிலேயே எழுதி வாங்குங்கள்.